திரும்பி வர யோசித்த ஊர்

சுறாமுனை முதன்முதலாகச் சாய்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீடுகளில் பால் பொங்கும் நேரத்தில். கிழக்கே ஒரு முழம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மேற்கே ஒரு முழம் சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. கடலுக்குள் இரண்டு மைல் நீண்டு கிடக்கும் மணல் நாக்கு அந்த ஊர். கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல், நடுவில் மூன்று தெரு, ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தோணித்துறை, நானூறு வீடு. அத்தனையும் சேர்ந்து ஒரே உடம்பாக ஆடின. ஊர் எல்லையில் தார்ச்சாலை ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு பக்கம் முறுக்கி மறுபக்கம் அவிழ்ந்தது, ஆனால் விண்டுபோகவில்லை. கிணற்றில் இறக்கிய வாளி சுவரில் முட்டியது, கோயில் மணி யாரும் கயிற்றைத் தொடாமலே அடித்தது, ஆடுகள் நாலு காலையும் அகற்றி வைத்துக்கொண்டு எதுவும் நடக்காததுபோல அசைபோட்டன.

கிழக்குத் தெருவின் கடைசி வீட்டில் கித்தேரி பால் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் கிடந்த அவள் புருஷன் பெர்க்மான்ஸ் கேட்டார்.

"ஏட்டி, தோணி கிளம்பிட்டா?"

"கிளம்புன மாதிரிதான் இருக்கு."

"யாரு ஏத்துன சரக்கு?"

"தெரியலயே," என்றாள் கித்தேரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அவள் பாதங்கள் அதற்குள் தரையைக் கேட்கத் தொடங்கியிருந்தன.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் மரத்தோணிகளில் எந்தச் சரக்கு எந்த இடத்தில் போக வேண்டும் என்று சொல்வது முன்பு பெர்க்மான்ஸின் வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் சிமெண்டு மூட்டை முதுகில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனார். அதற்குப் பிறகு தோணியை ஓட்டும் தண்டல்மார் அவர் கட்டிலருகே வந்து யோசனை கேட்டார்கள், அவர் சொன்னதை கித்தேரி துறைக்கு நடந்துபோய்க் கூலியாட்களிடம் சொன்னாள், நடந்து நடந்து ஒரு நாள் அவரைக் கேட்காமலே சொன்னாள், சொன்னது சரியாக இருந்தது. செங்கல்லும் ஓடும் அடியில், அரிசி அதன்மேல், வெங்காயமும் கயிறும் உச்சியில். எடையைக் கண்ணால் பார்த்துச் சொல்வாள். தோணி துறையைவிட்டு அசையும்போது அதன் முதல் இரண்டு ஆட்டத்தைப் பார்த்தே அது திரும்பி வருமா வராதா என்று சொல்லிவிடுவாள்.

"எண்ணிப் பாருங்க," என்றாள்.

பெர்க்மான்ஸ் தலைமாட்டிலிருந்து செபமாலையை எடுத்து, ஊர் கிழக்கே சாய்ந்ததும் தொடங்கி, மேற்கே போய் மறுபடி கிழக்கே வரும்வரை மங்கள வார்த்தை செபத்தை முணுமுணுத்தார். கடலில் கைக்கடிகாரம் இல்லாத காலத்து அளவு அது.

"அரை மங்கள வார்த்தை," என்றார். "சடக்கு சடக்குன்னு வருது."

"அப்ப பயமில்ல," என்று கித்தேரி அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

முதல் வாரம் ஊர் முழுக்க வாந்தியெடுத்தது, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் கிளாசில் பாதி மட்டும் ஊற்றி முழு டீ என்றே கொடுத்தார், யாரும் சண்டைக்குப் போகவில்லை. முடிதிருத்துகிறவர் ஊர் கிழக்கே போகும்போது சோப்பைத் தடவி, மேற்கே போகும்போது கத்தியை உயரத் தூக்கிப் பிடித்து, நடுவில் நிமிரும் அந்தக் கண நேரத்தில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு முகம் மழிக்க ஒரு மணி நேரமானது, அந்த ஒரு மணி நேரத்தில் அவரிடம் சொல்லப்படாத வீட்டுச் சங்கதி ஊரில் மிச்சமில்லாமல் போயிற்று. பேருந்து எல்லையோடு திரும்பிக்கொண்டது. மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த ஓர் அதிகாரி கோயில் படியில் ரசமட்டத்தை வைத்து, அதற்குள் குமிழி இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடுவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று எழுதிக்கொண்டு போனார். பயந்துபோய் வெளியூர் உறவுக்காரர் வீடுகளுக்குப் போன குடும்பங்கள் பத்து நாளில் திரும்பி வந்தன. அசையாத தரை அவர்களுக்குக் குமட்டியது, அங்கே படுத்தால் தூக்கம் வரவில்லை, சோறு தங்கவில்லை. சாலை முறுக்கிக்கொள்ளும் இடத்தைத் தாண்டி சுறாமுனைக்குள் கால் வைத்ததும் அவர்கள் முகம் தெளிந்தது.

ஒரு தொல்லைதான் தீரவில்லை. ஊர் சாயும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்துக் கடல் வாசற்படி ஏறி, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கிழக்கே சாய்ந்தால் கிழக்குத் தெரு நனைந்தது, மேற்கே சாய்ந்தால் மேற்குத் தெரு நனைந்தது. அரிசி மூட்டை நனைந்தது, பள்ளிக்கூடப் பதிவேடு நனைந்தது, கல்யாணப் புடவைகள் பெட்டிக்குள்ளேயே உப்பு பூத்தன. எனவே ஊர், எந்த ஊரும் செய்யக்கூடியதைச் செய்தது. எல்லாவற்றையும் மேலே தூக்கியது.

தூக்குவதற்கு வழி செய்தவர் வல்தாரிஸ் அண்ணாச்சி. ஊர்க்கமிட்டித் தலைவர், செங்கல்லும் சிமெண்டும் விற்பவர், ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் பந்தல்காலைத் தோளில் சுமந்து வருபவர். இரண்டாம் மாடி கட்ட வக்கில்லாதவர்களுக்கு அவரே செங்கல் இறக்கினார், கொத்தனாரோடு சேர்ந்து சட்டி தூக்கினார். ஓராண்டுக்குள் நானூறு வீடும் மாடி வீடுகளாயின. பீரோவும் கட்டிலும் நெல் குதிரும் மேலே போயின, ஆட்டுக்கல்லும் அம்மியும் மேலே போயின, கோழிக்கூடு மேலே போயிற்று, பள்ளிக்கூடம் இரண்டாம் தளத்துக்கும் அதன் பெஞ்சுகள் மூன்றாம் தளத்துக்கும் போயின, கடைக்காரர்கள் எடைக்கற்களோடு மேலே போனார்கள். கிணறுகள் உப்பாகிவிட்டதால் வல்தாரிஸ் கிழக்குத் தெருவில் இருந்த தம் நாலுமாடி வீட்டு உச்சியில் ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய செங்கல் தொட்டி கட்டி, எல்லைவரை வந்த லாரிகளிலிருந்து குழாய் போட்டு நல்ல தண்ணீர் ஏற்றினார். கீழ்த்தளங்கள் காலியாயின. ஊர் சாயும்போது கடல் அவற்றின் முன்வாசல் வழியாக நுழைந்து, எதையும் நனைக்காமல், வந்த வழியே போயிற்று.

அப்புறம் ஒரு நாள், யாருக்கும் எந்த நாள் என்று தெரியாமல், ஆட்டம் இதமானது.

சடக்கு சடக்கென்று வெட்டிய ஊர் தொட்டில்போல ஆடத் தொடங்கியது. கிளாசில் முழு டீ நின்றது. பிள்ளைகள் விடியும்வரை தூங்கினார்கள், பல வருஷம் தூங்காத கிழவர்கள்கூடத் தூங்கினார்கள். மாதா மனம் இறங்கிவிட்டார் என்று பங்குச் சாமியார் நன்றிப் பூசை வைத்தார். பூசையில் ஊரே ஒன்றாக மெல்லக் கிழக்கே சாய்ந்து, மெல்ல மேற்கே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடியது.

கித்தேரி பூசைக்குப் போகவில்லை. அவள் கட்டிலருகே நின்றாள்.

"ரெண்டு மங்கள வார்த்தை," என்றார் பெர்க்மான்ஸ். "ரெண்டுக்கு மேலயே வருது."

அவள் அன்று சாயங்காலமே வல்தாரிஸ் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடியது. நாலாம் மாடியில் ஊர் சாயும்போது காலுக்கு நேர் கீழே கடல் தெரிந்தது. தொட்டியின் சுவரில் காதை வைத்தாள். உள்ளே தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, இருட்டில் நடமாடும் ஆள்போல, நடந்து போனது.

"அண்ணாச்சி, தொட்டியில எம்புட்டு இருக்கு?"

"பாதி. ஏன் தங்கச்சி?"

"ஊரு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் இதுவும் ஓடிப்போய் நிக்குது. சாயுறவன் முதுகுல ஏறி உக்காந்த மாதிரி. ஒண்ணு முட்ட நிரப்புங்க, இல்லன்னா காலி பண்ணிப் போடுங்க. பாதியா மட்டும் வைக்காதீங்க."

"முட்ட நிரப்ப தண்ணி எங்க இருக்கு? காலி பண்ணுனா ஊரு எதக் குடிக்கும்?" வல்தாரிஸ் கோபப்படவில்லை, அவருக்குக் கோபமே வராது. பக்கத்தில் கிடந்த நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். "நீ என்னத்தயோ மனசுல வச்சிருக்க. உக்காந்து சொல்லு."

கித்தேரி உட்காரவில்லை. "வீட்டுச் சாமான கீழ இறக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. நனைஞ்சா நனையட்டும். கனமானது எல்லாம் கீழ. ஆட்டம் மெதுவானா நல்லதுன்னு எல்லாரும் நினைக்காவ. வேகமா ஆடுற தோணிக்குத் திரும்பி வரணும்னு வெறி, அதான் வெட்டி வெட்டி வருது. மெதுவா ஆடுற தோணி ஒவ்வொரு தடவையும் சாஞ்ச இடத்துல நின்னு யோசிக்குது, திரும்பிப் போகணுமா, இப்படியே கிடந்துரலாமான்னு."

"நீயா கண்ட?"

"எங்க லெயோன் போன தோணியில கண்டேன்."

லெயோன் அவள் தம்பி. அவன் ஏறிய தோணிக்குச் சரக்கு சொன்னவள் அவள்தான். செங்கல் அடியில் என்று சொல்லியிருந்தாள். மாலத்தீவில் செங்கல்லைத்தான் முதலில் இறக்க வேண்டும் என்று தண்டல் அதை மேல்தட்டில் அடுக்கிக்கொண்டார். துறையில் நின்ற கித்தேரி அதைப் பார்த்தாள். தோணி இரண்டு தடவை நிதானமாக அசைந்து வெளியே போனதையும் பார்த்தாள். ஒரு கூப்பிடு தூரம். தண்டல் வயசில் மூத்தவர், ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. தப்பி வந்த ஒரே ஒருவன் பிறகு சொன்னான், மூன்று நாளும் ஆட்டம் தாலாட்டு மாதிரி இருந்தது, எல்லாரும் சுகமாகத் தூங்கினோம், நாலாம் நாள் ஒரு பக்கம் சாய்ந்து நின்று, நின்றுகொண்டே இருந்து, அப்படியே படுத்துவிட்டது என்று.

வல்தாரிஸ் எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய கண் கலங்கியதுகூட உண்மை. பிறகு அவள் தோளைத் தட்டினார்.

"தங்கச்சி, அது தோணி. இது ஊரு."

கித்தேரி படியிறங்கினாள். வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் குழி வெட்டி, தன் ஆட்டுக்கல்லையும் அம்மியையும் இரும்புச் சாமான்களையும் அதற்குள் இறக்கி மண்ணைப் போட்டாள். குழாயடியில் பெண்களிடம் சொன்னாள், மீன் ஏலம் விடும் இடத்தில் ஆண்களிடம் சொன்னாள், சாமியாரிடம் மூன்று தடவை சொன்னாள். முதலில் சிரித்தார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவ்வளவு நாள் கழித்துப் பிள்ளைகள் தூங்குகின்றன, இவளுக்கு அது பொறுக்கவில்லை என்றார்கள்.

ஆட்டம் மூன்று மங்கள வார்த்தை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ஊர் கிழக்கே சாய்ந்தால், ஒரு ஆள் வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம் சாய்ந்தபடியே நின்றது. காக்கைகள் ஒரே நாளில் ஊரைவிட்டுப் போயின. நண்டுகள் சுவரேறி இரண்டாம் மாடி ஜன்னல்களில் உட்கார்ந்தன, பெண்கள் அவற்றைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். காலியான கீழ்த்தளங்களில் மீன்கள் வந்து தங்கிப் பழகின; கீழேயே விட்டுப்போன திருகைக்கல்லின் பள்ளத்தில் ஒரு விலாங்கு குடியிருந்தது. கித்தேரி மட்டும் கீழ்த்தளத்திலேயே கணுக்காலளவு தண்ணீரில் நின்று சமைத்தாள். கட்டிலின் கால்களுக்கடியில் ஒவ்வொரு செங்கல்லாக வைத்து உயர்த்தினாள்.

மாதா திருவிழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சப்பரம் நடுத்தெருவில் கிளம்ப வேண்டும். தெரு ஈரம் என்பதால் ஊர் முழுக்க மொட்டைமாடிகளில் ஏறி நின்றது, நானூறு வீட்டு உச்சியிலும் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் வெளியூர் விருந்தாட்களும், கையில் பூக்கூடையோடு. கித்தேரி விடிந்ததிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் படிக்கட்டின் கீழேயும் நின்று, "இறங்கி நின்னு பாருங்க, உங்க காலப் பிடிக்கேன், இறங்கி நில்லுங்க" என்று கேட்டு, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பியிருந்தாள்.

வெடி போட்டார்கள். சப்பரம் அசைந்தது. ஊர் மெல்லக் கிழக்கே சாய்ந்தது.

பெர்க்மான்ஸ் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து போனது, ஆறு போனது, எட்டு போனது. விரல் பத்தாவது மணியையும் தாண்டி அடுத்த பெரிய மணியில் வந்து நின்றது. செபமாலையை நெஞ்சில் வைத்தார்.

"ஏட்டி," என்றார், "அது வரல."

ஊரே அமைதியாக இருந்தது. மேளம் நின்றிருந்தது. கிழக்குக் கடல் அவசரமே இல்லாமல் வாசல் வழியாக உள்ளே வந்து கட்டிலின் சட்டத்தைத் தொட்டது. கித்தேரி புருஷனைத் தூக்கக் குனிந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"என்னை எதுக்குத் தூக்குத? இப்ப எல்லாரும் மேற்க ஓடுவாவ. ஓடுறதுக்குள்ள போ."

"தண்ணி ஏறுதுங்க."

"எனக்குத் தெரியாதா? போ ஏட்டி!"

அவள் கட்டில் கயிற்றால் அவரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். ஓடினாள். தரை மலைச்சரிவுபோல எழும்பி நின்றது. நடுத்தெருவுக்கு ஏறியபோது, பெர்க்மான்ஸ் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. வல்தாரிஸ் சப்பரத்தின் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியிருந்தார். கிழக்கே சாய்ந்ததை நிமிர்த்த மேற்கே பாரம் வேண்டும், உலகத்தில் எவருக்கும் தோன்றுகிற யோசனை அது. "எல்லாரும் மேற்குப் பக்கம் வாங்க! கையில கிடைச்சத தூக்கிக்கிட்டு மேற்குப் பக்கம் வாங்க!" ஜனம் மாடிவிட்டு மாடி தாவி மேற்கே போனது. பீரோக்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள், நெல் மூட்டைகளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

கித்தேரிக்குத் தொண்டையில் சத்தம் இல்லை. வல்தாரிஸின் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"மேற்க போகாதீங்க! போனா ஊரு நிமிந்து நிக்காது, நிமிந்த வேகத்துல மேற்க போய் விழும். விழுந்தா எந்திரிக்காது!"

"பைத்தியமாட்டி உனக்கு?" என்று யாரோ கத்தினார்கள். அந்த நேரத்தில் மேற்குத் தெரு மாடிகளில் ஒரு நூறு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஊரின் அடியிலிருந்து, யாரும் அதுவரை கேட்டிராத ஒரு முனகல் வந்தது. கிழக்கே கிடந்த ஊர் சட்டென்று அசைந்தது. அசைந்த வேகத்தில் சப்பரம் சுமந்தவர்கள் முழங்காலில் விழுந்தார்கள், மேற்கே இருந்த மாடி ஒன்றின் கைப்பிடிச் சுவர் பிய்ந்து கடலில் போனது. போனதை ஊரே பார்த்தது. ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே, ஒரு கால் தூக்கியபடியே நின்றார்கள். ஊர் தயங்கி, மறுபடி மெல்லக் கிழக்கே போய்க் கிடந்தது.

வல்தாரிஸ் அவள் பக்கம் திரும்பினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சொல்லு தங்கச்சி."

"கிழக்க போகணும்," என்றாள் கித்தேரி. "சாஞ்ச பக்கத்துல இருந்துதான் தொடங்கணும். கிழக்குத் தெரு மாடியில இருக்கிற கனம் எல்லாம் நேர் கீழ இறங்கணும். தண்ணிக்குள்ளதான் இறக்கணும். அதுக்கப்புறம் நடுத்தெரு. மேற்குத் தெரு கடைசி."

கடல் ஏறிவரும் பக்கத்துக்கு, சாய்வில் இறங்கி, அந்த ஜனம் எப்படிப் போயிற்று என்று பின்னாளில் அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. முதலில் போனவர் வல்தாரிஸ். அவர் போனதால் மற்றவர்கள் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஆண்களும் பெண்களும் படிக்கட்டுகளில் சங்கிலியாக நின்று, ஆட்டுக்கல்லை இறக்கினார்கள், அம்மியை இறக்கினார்கள், எடைக்கற்களை இறக்கினார்கள், பீரோக்களைக் கயிறு கட்டி இறக்கித் தண்ணீருக்குள் விட்டார்கள், கல்யாணப் புடவைகளோடு விட்டார்கள், ஆறு மாத அரிசியை விட்டார்கள். விட்டவர்கள் அழவில்லை. பெர்க்மான்ஸை மாடிக்குத் தூக்க நாலு பேர் போனார்கள். கழுத்தளவு தண்ணீரில் கிடந்த அவர், "நானும் ஒரு எடைதானே, அடியிலயே கிடந்துட்டுப் போறேன், நீங்க கல்லத் தூக்குங்க" என்றார்.

ஊர் அசையவில்லை. இறங்கிய பாரத்துக்கு அது ஒரு விரல்கூட நிமிரவில்லை. கித்தேரி கிழக்குத் தெருவில் மற்ற மாடிகளுக்கெல்லாம் மேலே உயர்ந்து நின்ற கட்டடத்தைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை வல்தாரிஸும் பார்த்தார்.

"தொட்டியா?"

"தொட்டிதான் அண்ணாச்சி."

"குழாயத் திறந்துவிட்டா?"

"நேரம் இல்ல."

வல்தாரிஸ் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு, கடலின்மேல் சாய்ந்து நின்ற தம் வீட்டுக்குள் போனார். அவருடைய மனைவி செலினாள் நடுத்தெருவில் நின்று "எங்க போறீய?" என்று கூப்பிட்டது எல்லாருக்கும் கேட்டது. நாலாம் மாடியில் அவர் தலை தெரிந்தது. பிறகு இடிக்கும் சத்தம், செங்கல்லில் இரும்பு விழும் சத்தம், பத்து, இருபது. இருபத்தொன்றாவது இடியில் தொட்டி பிளந்தது. ஊரின் குடிதண்ணீர் முழுவதும் ஒரே பாளமாகக் கிழக்குக் கடலில் விழுந்தது, அதோடு மொட்டைமாடியின் பாதியும் விழுந்தது, அதோடு வல்தாரிஸும் விழுந்தார்.

ஊர் நிமிர்ந்தது. அவசரமில்லாமல், தூக்கத்திலிருந்து எழும் ஆள்போல நிமிர்ந்தது. மேற்கே போனது, திரும்பி வந்தது. கிழக்கே போனது, திரும்பி வந்தது.

அவர் உடம்பு மூன்றாம் நாள் துறையில் ஒதுங்கியது.

அதற்குப் பிறகு சுறாமுனையில் மேல்தளம் எதிலும் ஒரு துரும்பு இல்லை. எல்லாம் கீழே, தண்ணீரில், அழுகுவது அழுகியும் அழுகாதது அழுகாமலும் கிடந்தது. ஆட்டம் அரை மங்கள வார்த்தைக்கும் குறைந்துபோனது. ஊர் சவுக்கைச் சுண்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டியது. பல் பல்லோடு அடித்தது. சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இரவு பகல் தூங்கவில்லை, தாய்மார்கள் கண்ணுக்கடியில் கருவளையத்தோடு தண்ணீரில் நடமாடினார்கள். சில நாள் கித்தேரியைக் கும்பிட்டார்கள். பிறகு, எப்படியும் அது தானாக நிமிர்ந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். அண்ணாச்சியை மேலே அனுப்பியது யார் என்று இன்னொருவர் கேட்டார். கித்தேரி தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. ஊர்க்கமிட்டி அவளிடம் ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தது: அவளைக் கேட்காமல் எதுவும் மேலே ஏறக்கூடாது. அந்தப் பொறுப்பை வேறு யாரும் விரும்பவில்லை.

வல்தாரிஸ் இறந்த நாற்பத்தோராம் நாள், மத்தியானம், செலினாள் கித்தேரியின் வாசலில் வந்து நின்றாள். அவள் மார்போடு எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். அண்ணாச்சியின் போட்டோ, மரச்சட்டம் போட்டது, கண்ணாடியில் உப்பு படிந்தது.

"வாங்க மைனி," என்றாள் கித்தேரி. அந்த நாற்பது நாளில் அவர்கள் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"கீழ வச்சா நனையுது," என்றாள் செலினாள். "முகம் அழிஞ்சுக்கிட்டு வருது. ஒரு கண்ணு போயிட்டு. மேல அவ்வொ உக்காருத ரூம்புல ஒரு ஆணி இருக்கு. அதுல மாட்டிக்கிடட்டா?"

ஊர் கிழக்கே வெட்டியது, மேற்கே வெட்டியது. இரண்டு பேரும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுல என்ன கனம் இருக்கப்போவுது, கித்தேரி?"

கித்தேரி கையை நீட்டிப் போட்டோவை வாங்கினாள். கண்ணால் பார்த்தே எடை சொல்லக்கூடியவள்தான், ஆனாலும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரு தேங்காயின் எடைகூட இல்லை. அழிந்த கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த கண் அவளைப் பார்த்தது. உள்ளே பெர்க்மான்ஸ் கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

"கொண்டு போங்க மைனி," என்றாள். "மாட்டிக்கிடுங்க."

செலினாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, போட்டோவை மார்போடு சேர்த்துக்கொண்டு, வாசலைவிட்டு ஒதுங்கி நடந்தாள். அவள் ஒதுங்கியதும் தெரு தெரிந்தது.

வாசலிலிருந்து கோயில்வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, முழங்காலளவு தண்ணீரில், சத்தமில்லாமல், ஊர் வெட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சாய்ந்து ஒரே மாதிரி நிமிர்ந்து. எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது, கனமில்லாத ஒன்று. ஒரு தலையணை. ஒரு ரேடியோ. பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. ஊறுகாய் ஜாடி. ஒரு தொட்டில்கட்டை. வரிசையின் முன்னால் நின்ற பெண், இடுப்பில் அழுது அழுது தொண்டை வற்றிய குழந்தையோடு, ஓர் அடி எடுத்து வைத்து, தன் கையில் இருந்ததை கித்தேரியிடம் நீட்டினாள்.